இருதய வார்டுக்கு இன்னொரு ஆள்

3.6.1974, திங்கள்
இன்றும் தனியாகத்தான் சாப்பிட்டேன். சென்னையில் மூன்று மாதம் இருதய வார்டு வேலை படித்துவிட்டுத் தஞ்சாவூர் திரும்பியதிலிருந்து இப்படித்தான். நான் உட்கார்ந்தால் மற்ற நர்ஸ்கள் எழுந்துவிடுகிறார்கள். "மெஷின்காரம்மா வந்தாச்சு" என்று அவர்களில் அம்சம் என்பவள் சொன்னது காதில் விழுந்தது. நாலு கட்டில், ஒரு மானிட்டர், ஒரு ஷாக் மெஷின். தெரிந்த நர்ஸ் நான் ஒருத்தி. இதில் என்ன பெருமை? லீவுகூடக் கிடையாது.

8.6.74
அப்பாவிடமிருந்து கார்டு. ஊர் மாதா கோயில் உபதேசியார் எழுதிக் கொடுத்திருக்கிறார். குத்தகைப் பதிவு விசாரணை 24ஆம் தேதி, பட்டுக்கோட்டையில். முப்பது வருடமாக அப்பா உழுகிற நிலம். மிராசுதாரோ அப்பாவைப் பற்றி, சிங்கராயன் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு வந்தவன் என்கிறார். அப்பாவுக்குக் காது மந்தம். அதிகாரி எதைக் கேட்டாலும் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிடுவார். கூலிக்குத்தான் உழுதாயா என்றால் அதற்கும் ஆட்டுவார். ஆட்டினால் நிலம் போச்சு. அம்மாவும் இல்லை. பக்கத்தில் நிற்க நான்தான்.

டாக்டர் நடராசனிடம் லீவு கேட்டேன். "நீங்க போயிட்டா மானிட்டரை யார் பாக்குறது? ஒரு ஆளைத் தயார் பண்ணிட்டுப் போங்க சிஸ்டர்." பதினைந்து நாளில் நாற்றுகூடத் தயாராகாது.

10.6.74
புதிதாக வந்த நர்ஸ் லத்தீஃபாவைக் கேட்டேன். கற்றுக்கொள்கிறேன் என்றாள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

15.6.74
மானிட்டரில் கோடு நேராக ஓடியதைப் பார்த்து, இருதயம் நின்றுவிட்டதென்று லத்தீஃபா மூன்றாம் கட்டில் குஞ்சிதபாதத்தின் நெஞ்சில் ஓங்கிக் குத்திவிட்டாள். மனிதர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேர்வையில் ஒயர் கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். "இட்லி திங்கிறவனை ஏம்மா குத்துறே?" வார்டே சிரித்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "எனக்கு வராதுக்கா, விட்டுடுங்க" என்று அழுதாள். விட்டுட்டா எங்கப்பா கதி? — கோபம் நோயாளிக்காகவா, எனக்காகவா?

16.6.74, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. லத்தீஃபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். முதலில் ஆள், அப்புறம்தான் மானிட்டர். முகத்தைப் பார், கழுத்து நாடியைத் தொடு. சாயங்காலம் வரை திரும்பத் திரும்பச் செய்யவைத்தேன்.

22.6.74
காலை பத்து மணி. குஞ்சிதபாதத்தின் கோடு கன்னாபின்னாவென்று துள்ளியது. டாக்டர் ஓ.பி.யில். லத்தீஃபா முகத்தைப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டாள். "அக்கா, நாடி இல்லை." என் கை பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "ஷாக் கொடு" என்றேன். எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு ஷாக் கொடுத்தாள். நாடி திரும்பியது.

ஓடிவந்த டாக்டர், கொடுத்தது யார் என்று கேட்டுவிட்டு, என் லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார். நான் செய்தது சரியா? ஒரு உயிரை வைத்துப் பரீட்சை — மாதாவே!

24.6.74, பட்டுக்கோட்டை
ஒவ்வொரு கேள்வியையும் அப்பா காதில் சொன்னேன். "இல்லைங்க, குத்தகைக்குத்தான்" என்று வாய்விட்டுச் சொன்னார். தலையை ஆட்டவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். உத்தரவு பிறகு வருமாம்.

வெளியே வந்ததும், "பஸ் போயிடப்போவுது, கிளம்பும்மா. உன்னை விட்டா அங்க ஆள் இல்லையே" என்றார்.

"இருக்காங்கப்பா."

அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து காதில் மறுபடி சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.