ஒரு மணி நேரம் நின்ற அறுப்பு மெஷின்

மாசி 3, செவ்வாய்.

ஈர்ப்பு அலைகளைக் கண்டறியும் கருவியின் சின்ன மாதிரி ஒன்றை எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்தால் திரையில் கோடுகள் விழும். அவை ஆடக் கூடாது. இன்றும் ஆடின.

மதிலுக்கு அந்தப் பக்கம் ராஜேந்திரன் அண்ணன் வயலில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வுதான் என்று நினைத்து நேரே போய்க் கேட்டேன்.

“மெஷின் அதிர்வுல என் திரையில கோடு ஆடுதுண்ணே. ஒரு மணி நேரம் நிறுத்த முடியுமா?”

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், “படிக்கிற புள்ள கேக்குது, நிறுத்துப்பா” என்றார்.

மெஷின் நின்றது. கோடுகள் ஆடிக்கொண்டே இருந்தன. தேடிப் பார்த்தால், பக்கத்து அறையில் டீக்குப் பால் வைக்கும் எங்கள் பழைய ஃபிரிட்ஜ் சுவரை ஒட்டி உறுமிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். கோடுகள் நின்றன.

அதற்குள் வெளியே காற்றும் மழையும் பிடித்துவிட்டன. அறுக்காத பாதி வயல் அப்படியே சாய்ந்து கிடந்தது.

“இனிமே வண்டி எறங்காதும்மா, பொதஞ்சிடும்” என்றார் அண்ணன். பிறகு, “கோடு நின்னுச்சா?” என்று கேட்டார்.

“நின்னுச்சுண்ணே” என்றேன். எதனால் என்று சொல்லவில்லை.