மேடையில் பதிக்காத அடுப்பு

பாபநாசம்
9.3.1974

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குழந்தை ஹமீதா நலமாக இருக்கிறாள். நானும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். காலையிலிருந்து ஈர விறகை ஊதி ஊதி இரண்டு கண்ணும் சிவந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன், அப்படி எழுத வரவில்லை.

பினாங்கிலிருந்து நீங்கள் அனுப்பிய கேஸ் அடுப்புப் படப் புத்தகம் வந்தது. வந்தது என்றால் என் கைக்கு இல்லை. தபால்காரர் மாமாவிடம் கொடுத்தார், மாமா மாமியிடம் கொடுத்தார், மாமி உங்கள் தங்கையிடம் கொடுத்தார். நான் கடைசியாகத்தான் பார்த்தேன். ஆயிஷா தனக்குப் பிடித்த பக்கத்தை மடித்தே வைத்திருந்தாள். அடுப்பு யாருக்கு மச்சான்? மாடியில் உனக்கென்று தனிச் சமையலறை, உனக்குப் பிடித்த அடுப்பு என்று எழுதியது நீங்கள்தானே?

உங்களைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியின் சமையலறையில் நிற்கிறேன். உப்பு இருக்கும் இடம் எனக்குத் தெரியும், எவ்வளவு போடுவது என்று மாமிதான் சொல்வார். போன வெள்ளிக்கிழமை தம்ரூட் செய்தேன். நாகூரில் எங்கள் உம்மா செய்வதுபோல ரவையும் முட்டையும் நெய்யும் சீனியும் கலந்து சட்டியில் ஊற்றி, மூடிமேல் தணல் அள்ளிப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். அதற்குள் மாமி மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். தணல் உள்ளே விழுந்துவிட்டது. "நாகூர்க்காரிக்குத் தம்ரூட்கூட வரலையே" என்று மாமா காதில் விழும்படி சொன்னார். அந்தச் சாம்பலை நானேதான் தின்றேன்.

புத்தகத்தில் மூன்று விதம் இருக்கிறது. முதலாவது இரண்டு பர்னர், மேடைமேல் தூக்கி வைப்பது. டீக்கடைக்கு ஆகும். இரண்டாவது இடுப்பு உயரத்துக்குத் தரையில் நிற்பது. மேலே நாலு பர்னர், கீழே கதவு வைத்த ஓவன், தள்ளிக்கொண்டு போகக் காலில் சக்கரம். மூன்றாவதுதான் எனக்கு வேண்டியது. நாலு பர்னரும் ஒரு தட்டையான எவர்சில்வர் பலகையில் இருக்கின்றன. மேடைக் கல்லை அளவாக வெட்டி அதற்குள் இறக்கிப் பதித்துவிட வேண்டும். ஓவன் தனி. அதைச் சுவரில் கண்ணுக்கு நேராக வைத்துப் பூசிவிடலாம். குனிய வேண்டாம், ஹமீதாவின் கை எட்டாது. மேலும் கீழும் நெருப்பு எரிவதுபோலப் படம் போட்டிருக்கிறது, தணல் அள்ளும் வேலையும் இல்லை.

இவ்வளவும் இருந்தாலும், நான் அதைக் கேட்பதற்குக் காரணம் வேறு. கல்லோடு பதித்துவிட்டால் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. நான் கொண்டுவந்த பித்தளைக் குடம் மாமியின் குடமாகிவிட்டது. என் தையல் மெஷின் ஆயிஷாவின் மெஷினாகிவிட்டது. அடுப்பாவது நான் வைத்த இடத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது பக்கம். மறந்துவிட்டேன், பார்க்கவில்லை என்று பிறகு எழுதாதீர்கள்.

உங்கள்
மெஹராஜ்

*

பினாங்கு
2.4.1974

அன்புள்ள மெஹராஜுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அடுப்பு விஷயம் என்றேன், சிரித்துவிட்டார்கள்.

அடுப்பு வாங்கியாகிவிட்டது. அடுத்த கப்பலில் நாகப்பட்டினம் வந்து சேரும். நீ கேட்ட பதிக்கும் மாடல் இங்கே கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் ரிப்பேர் என்று வந்தால் மேடையை உடைக்க வேண்டும் என்கிறார்கள். ஆகவே இரண்டாவது பக்கத்தில் உள்ளதை எடுத்துவிட்டேன். கோபப்படாதே. வெள்ளை எனாமல், பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். ஓவன் கதவில் கண்ணாடி இருக்கிறது, திறக்காமலே உள்ளே வேகுவதைப் பார்க்கலாம். கேஸில் கரி என்பதே கிடையாது, பாத்திரத்தின் அடி அப்படியே பளிச்சென்று இருக்கும்.

மாடியில் மேடை கட்டுவதை அத்தா பார்த்துக்கொள்வார். தஞ்சாவூரில் சிலிண்டருக்கும் அவரே எழுதி வைப்பார். மாடிக்குத் தனியாக ரேஷன் கார்டும் எடுக்கிறார். தனிக் குடித்தனம் கேட்டுக்கொண்டே இருந்தாயே, முறைப்படி வருகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அதிகாரிகள் யாராவது வந்து ஏதும் கேட்டால் அத்தா சொல்கிறபடி நடந்துகொள். நீயாக எதுவும் பேச வேண்டாம்.

ஹமீதாவுக்கு என் முத்தங்கள். அவளுக்கும் ஒரு பொம்மை அதே பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உன்
கபீர்

*

பாபநாசம்
18.6.1974

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

அடுப்பு வந்தது. இரண்டாவது பக்கம்தான் என்று தெரிந்தும், மாடியில் கொண்டுபோய் நிறுத்தியதும் என் கோபம் பாதி போய்விட்டது. நானும் ஹமீதாவும் ஓவன் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தோம். சிலிண்டர் மட்டும் வரவில்லை. மாமாவிடம் கேட்கும்போதெல்லாம் வரும் வரும் என்றார். சரி என்று கீழே போய் விறகையே ஊதிக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் பகலில் மாடியில் சத்தம் கேட்டு ஏறிப் போனேன். மாமாவின் கணக்குப்பிள்ளை சாரங்கபாணி, கீழ் அடுப்பிலிருந்து சுரண்டிய கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து என் பர்னர்களில் பூசிக்கொண்டிருந்தார். நம் வயலில் வேலை செய்யும் ராசம்மாள் தரையில் குந்தி, செங்கல் தூளால் ஓவன் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை எனாமல் முழுக்கக் கீறல். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆறு வருஷம் சமைச்ச மாதிரி இருக்கணும்னு முதலாளி சொன்னாங்கம்மா" என்றார் சாரங்கபாணி, கையைக்கூட நிறுத்தாமல்.

நேராக மாமாவிடம் போய் நின்றேன். அவர் மறைக்கவில்லை. ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான், மீதியை எடுத்து நிலம் இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள் என்று சட்டமாம். அதனால், நமக்குக் கல்யாணமான வருஷமே ஆற்றங்கரை நிலம் இரண்டு வேலியை, அதாவது பதின்மூன்று ஏக்கரை, உங்களுக்கு வாய்மொழியாகத் தானம் கொடுத்துவிட்டதாகவும், அன்றுமுதல் நீங்களும் நானும் மாடியில் தனியாகப் பொங்கித் தின்பதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். வாய்மொழித் தானத்துக்குப் பத்திரம் இல்லை, தனி அடுப்புதான் சாட்சி. அதிகாரி பார்க்க வருவார். அப்படியானால் சிலிண்டர் வேண்டுமே என்றேன். "காலி சிலிண்டர் ஒண்ணு இரவல் சொல்லியிருக்கேன். எரிக்கவா போறோம்?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் எனக்கு அடுப்பு வாங்கவில்லை மச்சான், நாடகத்துக்குச் சாமான் வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு என்னையே படம் பார்க்க வைத்து, என்னையே பக்கம் சொல்ல வைத்தீர்கள். இப்படி ஏமாற்றியதற்குப் பதிலாக நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் வெறுமனே சண்டை போட்டிருப்பேன்.

மாடிப்படியில் ராசம்மாள் என்னை நிறுத்தினாள். "ஏம்மா, அந்த ஆத்தங்கரை ரெண்டு வேலியிலதான் எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் வரும்னு சங்கத்துல சொல்றாங்க. அதுக்கும் இந்த அடுப்பத் தேக்கிறதுக்கும் ஏதும் சம்பந்தமாம்மா?" என்று கேட்டாள். அவள் கையில் இன்னும் செங்கல் தூள் இருந்தது. நான் விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். அவளுக்கு என்ன சொல்வது என்று நீங்களே எழுதுங்கள்.

இன்னொன்று. கேஸில் கரி பிடிக்காது என்று எனக்கு எழுதினீர்களே, உங்கள் அத்தாவுக்கு எழுதவில்லையா? நான் சொல்லப் போவதில்லை.

மெஹராஜ்

*

பினாங்கு
5.7.1974

மெஹராஜுக்கு,

ஸலாம். ஒரு பெண் தன் புருஷனுக்கு எழுதும் கடிதமா அது? இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊரில் யார் இதைச் செய்யவில்லை சொல். பண்ணைப் பூனை பேரில்கூட எழுதி வைத்திருக்கிறார்கள் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். அத்தா பெற்ற மகன் பேரில்தானே சொல்லியிருக்கிறார். அது யாரிடமும் பிடுங்கிய நிலம் இல்லை, அவருடைய அத்தா கொழும்பில் கடை வைத்து, வயிற்றைக் கட்டி வாங்கியது. ராசம்மாளும் அவள் புருஷன் முருகையனும் நல்லவர்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நல்லது கெட்டதுக்கு நாம் செய்யாமலா இருக்கிறோம்? நிலம் போனால் நாளைக்கு ஹமீதாவுக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தாயா? உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ ஆயிரம் கேள்வி கேட்பாய் என்றுதான் சொல்லவில்லை.

அடுப்பில் கீறல் விழுந்ததற்கு இவ்வளவு ஆத்திரம் வேண்டாம். அதிகாரி வந்து போனபின் புது எனாமல் அடித்துவிடலாம். எப்படியும் ஆயிஷா கல்யாணத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சீரில் கேஸ் அடுப்பு கேட்டிருக்கிறார்கள். அம்மா உன்னிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அதற்காகத்தான் சக்கரம் வைத்ததாகப் பார்த்து எடுத்தேன், பதித்துவிட்டால் பிடுங்க முடியாதல்லவா. உனக்கு நான் அடுத்த முறை வரும்போது வேறு வாங்கி வருகிறேன். நீயே பார்த்துச் சொல், நீ சொல்லும் பக்கத்தையே வாங்குகிறேன்.

அதிகாரி கேட்டால் ஆமாம் என்று ஒரு வார்த்தை. என்னை நினைத்துச் சொல்.

உன்
கபீர்

*

நாகூர்
11.8.1974

அஹமது கபீர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் அத்தா இதற்குள் எழுதியிருப்பார். நடந்ததை நானும் எழுதிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை அதிகாரி வந்தார். மாமாவும் சாரங்கபாணியும் அவரை மாடிக்கு அழைத்துப் போனார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கீழே வாசலில் ராசம்மாளும் முருகையனும் சங்கத்து ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

அதிகாரி பர்னரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் கறுப்பானது. முகர்ந்து பார்த்து, "தேங்காயெண்ணெ வாசன அடிக்குதே" என்றார். வீட்டில் பலகாரம் நிறையச் சுடுவார்கள் என்று மாமா சொன்னார். "மெட்ராஸ்ல எங்க வீட்லயும் கேஸ்தாங்க. இவ்வளவு கரிய நான் பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் ஓவன் கதவைத் திறந்தார். உள்ளே இருந்த கம்பித் தட்டில் பினாங்குக் கடைக்காரர் கட்டிய சணல் கயிறு அப்படியே இருந்தது. முதல் தம்ரூட் வைக்கும் அன்று அவிழ்க்கலாம் என்று நான்தான் விட்டு வைத்திருந்தேன். வெளியே அவ்வளவு கரி பூசியவர்கள் ஒருவரும் உள்ளே திறந்து பார்க்கவில்லை.

வீட்டம்மாவைக் கேட்க வேண்டும் என்றார் அதிகாரி. "அது வெளியாளுங்ககிட்ட பேசாதுங்க" என்றார் மாமா. அவர் விடவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க ஆறு வருஷமா இந்த அடுப்புலதான் சமைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அல்லாஹ் அறிய எழுதுகிறேன், ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆமாம் என்றால் சர்க்கார் கணக்கிலேயே அந்த மாடி தனி வீடு. மாமி என்னைக் கீழே கூப்பிட முடியாது. கூப்பிட்டால் அவர்கள் சொன்னதே பொய்யாகிவிடும். பொய்யாகக் கொடுத்த சமையலறையை மெய்யாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ நாள் யோசித்திருந்தேன். ராசம்மாளை நினைத்து மனம் மாறினேன் என்று எழுதினால் எனக்குப் பெருமையாக இருக்கும். அவள் வாசலில் நின்றதும் ஒரு காரணம்தான். ஆனால் சக்கரம் வைத்ததாகப் பார்த்து எடுத்தேன் என்று எழுதினீர்களே, அந்த வரிதான் அந்தச் சொல்லை வெளியே விடவில்லை.

"இதுல ஒரு நாளும் சமைச்சதில்லைங்க. சிலிண்டரத் தூக்கிப் பாருங்க, காலி" என்றேன்.

"அப்ப நீங்க தனிக் குடும்பம் இல்லையா?"

"இதுவரைக்கும் இல்லைங்க. இன்னையிலேருந்து தனி" என்றேன்.

அவர் அதை எழுதிப் படித்துக் காட்டினார். கதவிடுக்கில் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமி என்னை என்னென்ன சொன்னார் என்று எழுத என் கை கூசுகிறது. ஹமீதாவை எழுப்பித் தூக்கிக்கொண்டு கும்பகோணம் பஸ்ஸில் ஏறினேன். ஆயிஷா பின்வாசல்வரை வந்து அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, அடுப்பு அவளுக்கே போகட்டும். வெந்நீரில் சோடாவைக் கரைத்துத் துடைத்தால் கரி போய்விடும் என்று சொல்லுங்கள். கீறல் போகாது.

இங்கே உம்மா வீட்டில் பின்கட்டு அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னோடேயே சாப்பிடு, நீ என்ன அன்னியமா என்று உம்மா கோபித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. நேற்றுக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினேன். ஒரு பர்னர்தான், ஓவனெல்லாம் இல்லை. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லி, மேல் தட்டில் இருந்ததையெல்லாம் இறக்கச் செய்தேன். ஒவ்வொன்றையும் தரையில் வைத்துக் கால் ஆடுகிறதா என்று பார்த்து, பம்ப் அடித்து, கொளுத்தச் சொல்லிப் பார்த்து நானே எடுத்தேன். அவருக்கு என்மேல் எரிச்சல்தான். பேய்ச் சத்தம் போட்டு எரிகிறது. இன்று காலை ஹமீதாவுக்கு அதில்தான் தோசை ஊற்றிக் கொடுத்தேன், முதல் தோசை தீய்ந்துவிட்டது.

நீங்கள் கோபமாக எழுதுவீர்கள் என்று தெரியும். எழுதுங்கள், முழுவதும் படிக்கிறேன். நேரில் வருவதாக இருந்தால் இந்த விலாசத்துக்கு வாருங்கள். வரும் தேதியை முன்கூட்டியே தெரிவியுங்கள், இருவருக்குத்தான் உலை வைக்கிறேன், அரிசி கூடப் போட வேண்டியிருக்கும்.

மெஹராஜ் பேகம்