வெள்ளியில் ஒரு முள்ளந்தண்டு

அத்தான்,

போன கிழமை எங்கள் மாடிக்காரர் முழுப்பேரும் உங்கள் நாரிக்கூடாகத்தான், இடுப்பெலும்பின் ஊடாகத்தான், சூரியனைப் பார்த்தோம். கோபிக்காதீர்கள். கிரகணம் பார்க்கப் பழைய எக்ஸ்ரே படம் இருக்கிறதா என்று மேல்மாடி மாமி கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தா. அப்படிப் பார்த்தால் கண் பழுதாகும் என்று பேப்பரில் போட்டிருந்தது. ஆனால் மாமி பேப்பர் எடுப்பது மரண அறிவித்தல் படிக்க மட்டும். நான் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். ஒரு பல்லி, ஒரு பழைய கலண்டர், அதற்கடியில் மண்ணிற உறைக்குள் நீங்கள்.

மொட்டைமாடியில் ஆளுக்காள் கைமாற்றினார்கள். "என்ன வடிவா விளங்குது" என்று மாமி மெச்சினா. யாருடைய படம் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் முறை வந்தபோது தூக்கிப் பிடித்தேன். வெள்ளை வெள்ளையாய் அடுக்கிய எலும்புகள். கீழே வருகிற வழியில் ஒன்று மட்டும் நசுங்கின பிஸ்கட் மாதிரி. அதற்குப் பின்னால் கடிபட்ட சூரியன். இதே படத்தை இதே மாதிரிச் சூரியனுக்கு நேரே பிடித்த இன்னொருவனின் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு நான் கிரகணம் பார்க்கவில்லை.

நீங்கள் விழுந்த கதையை நான் பலருக்குப் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்குத் தப்பி, கொழும்பு பாதுகாப்பு என்று ஓடிவந்து, வெள்ளவத்தையில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி ரீவி அன்ரெனா திருப்பப்போய் விழுந்த மனிதர் என்று சொன்னால், சனம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கும். நான் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. கீழே இருந்து கிரிக்கெட் பார்த்தவன் நான். ஜன்னலால் தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் அத்தான், இன்னும் கொஞ்சம்" என்று கத்தினவனும் நான். நீங்கள் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனீர்கள். அந்தக் கணத்தில் படம் கண்ணாடிபோலத் தெளிந்தது. "காணும், காணும், போதும்" என்று கத்தினேன். உங்களுக்குக் கேட்டிருக்காது.

இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்புவது கஷ்டம் என்று டொக்டர் அக்காவுக்குச் சொன்னார். "கஷ்டம் எண்டா எவ்வளவு நாள் எடுக்கும்?" என்று அக்கா கேட்டா. டொக்டர் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

உங்கள் மனைவியின் அகராதியில் 'ஒருவேளை' என்ற சொல் இருக்கவில்லை. எல்லா வசனமும் "அவர் நடக்கேக்க" என்று, அவர் நடக்கும்போது என்றுதான் தொடங்கும். அவர் நடக்கேக்க இடைஞ்சல் என்று மேசையை நகர்த்தினா. அவர் நடக்கேக்க வழுக்கும் என்று குளியலறைக்குப் புதுக் கால்மிதி வாங்கினா. ஒரு புண்ணியவான் கொடுத்த சக்கர நாற்காலியைப் பொலித்தீன் உறை கழற்றாமலே கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தா. "உது வீட்டுக்குள்ள உருளத் தொடங்கினா நடை வராது" என்று சொல்லிவிட்டா. ஆகவே கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்க, நீங்கள் மாதக்கணக்காய்க் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். கரையோரத் தண்டவாளத்தில் ஓடும் கோச்சியின் சத்தத்தில் நேரம் சொல்வீர்கள். "உது அளுத்கம போறது. தேத்தண்ணி வைக்கச் சொல்லு." ஒரு நகத்தால் அந்தப் பொலித்தீனைக் கிழித்திருக்கலாம். நான் கிழிக்கவில்லை.

பிறகு அக்கா நேர்த்தி வைத்தா. கை நொந்தால் வெள்ளிக் கை, கண் நொந்தால் வெள்ளிக் கண் செய்து கோயிலுக்குக் கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் நகை செய்யும் ஒரு பத்தரிடம் போனா. பத்தர் தட்டு நிறையக் கையும் காலும் கண்ணும் தொட்டில் பிள்ளையும் கொண்டுவந்து வைத்தார்.

"முள்ளந்தண்டு வேணும்" என்றா அக்கா.

பத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "முள்ளந்தண்டுக்கு அச்சு இல்லைப் பிள்ளை. பேசாம ரெண்டு காலைக் கொண்டுபோ. நடக்கிறதுதானே வேணும்?"

"கால் நல்லாத்தான் கிடக்கு. பிழை நாரியில. விலாசத்தைப் பிழையா எழுதினா காயிதம் போய்ச் சேருமோ?"

பத்தர் என்னைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அக்காவோடு கதைத்து முடித்தவர்கள் எல்லாரும் கடைசியில் என்னைத்தான் பார்ப்பார்கள். "சரி, மாதிரி ஒண்டு கொண்டு வாங்கோ" என்றார்.

மாதிரிக்கு நான் எங்கே போவேன்? இந்த எக்ஸ்ரே படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அடையாள அட்டையை, எங்கள் ஐ.சி.யை, கொடுத்தேன். பேரைப் படித்ததும் ஆமிக்காரனின் கண் கக்கத்துக்குப் போனது.

"ஓக்க மொகத்த?" அது என்ன என்கிறான்.

"மகே மஸ்ஸினாகே கொந்த" என்றேன். என் அத்தானின் முதுகெலும்பு. என்னிடம் இருந்த சிங்களத்தில் அதைவிட மரியாதையாகச் சொல்ல வழியில்லை.

படத்தை விரித்துச் சூரியனுக்கு நேரே பிடித்தான். என் வயதுதான் இருக்கும். துவக்குச் சூட்டுக் காயமா என்று கேட்டான். இல்லை, ரீவி அன்ரெனா என்றேன். சிரித்துவிட்டான். "மேட்ச் பார்க்கவா?" ஓம் என்றேன். "பார்த்தது ஆர்?" நான்தான் என்றேன். அத்தான், அதை நான் ஒப்புக்கொண்ட முதல் மனிதன் அவன். துவக்கோடு நின்றது காரணமாய் இருக்கலாம்.

அவன் படத்தை இறக்கவில்லை. நசுங்கின எலும்பை விரலால் தொட்டான். "மகே மல்லித் மெஹெம தமாய்" என்றான். தன் தம்பியும் இப்படித்தான் கிடக்கிறானாம். எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் யாருடைய குண்டு என்ற கதை வரும். படம் எங்கே போகிறது என்று கேட்டான். வெள்ளி விஷயத்தைச் சொன்னேன்.

"அது வேலை செய்யுமா?"

"அக்கா செய்யும் எண்டு சொல்லுறா."

துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, படத்தைத் தானே சுருட்டி என் கையில் தந்தான். சாமிக்குக் கொடுக்கும்போது தம்பியின் பேரையும் ஒருக்கால் சொல்லிவிடச் சொன்னான். சமிந்த. நான் ஓம் என்றேன். பஸ்ஸில் ஏறின பிறகும், அந்தப் பேர் மறந்துவிடுமோ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

பத்தர் செய்து தந்தது ஒரு சாண் நீளம். அவர் கைவேலையில் குறை இல்லை. ஆனாலும் பார்க்க நிறையக் கால் வைத்த மட்டத்தேள் போலவே இருந்தது. வெள்ளிக்கிழமை அருச்சனைத் தட்டில் அதைக் கண்ட ஐயர், "நாகதோஷமோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, முள்ளந்தண்டு" என்றா அக்கா.

ஐயர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு எந்தப் பக்கம் மேல் என்று அக்காவிடமே கேட்டு, பக்குவமாய் வைத்தார். "பேர், நட்சத்திரம்?" அக்கா உங்கள் பேரைச் சொன்னா. உத்தரம் என்றா. "வேற ஆருக்கும் சொல்லோணுமோ?" என்று ஐயர் என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன்.

அன்று பின்னேரம் உங்கள் கட்டிலோரம் இருந்து திருநீறு பூசிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மட்டத்தேள் கதைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது; போர்வைக்குக் கீழே மட்டும் ஒன்றும் அசையவில்லை. பிறகு கேட்டீர்கள்: "அந்தப் பெடியன்ர தம்பிக்குச் சொன்னனியோ?"

"அக்கா பக்கத்தில நிண்டவ அத்தான். ஆமிக்காரன்ர பேரை எப்பிடிச் சொல்லுறது?"

"சாமி என்ன, ஐ.சி. கேக்குமோ? போய்ச் சொல்லிப்போட்டு வா."

"நட்சத்திரம் தெரியாது."

"என்ரையச் சொல்லு. நான் அதை வைச்சுக்கொண்டு படுத்துத்தானே கிடக்கிறன்."

அடுத்த வெள்ளியும் சொல்லவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. ஒவ்வொரு முறையும் "சொன்னனியோ?" என்று கேட்டீர்கள். மூன்றாம் தரம் "ஓம்" என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "அது காணும்" என்றீர்கள்.

பொய் சொன்னதற்கும் மேலே ஒரு பொய் இருக்கிறது. இந்த மடலில் சொல்லாவிட்டால் எங்கே சொல்வது? நான் அக்காவுக்குப் பயந்து வாயை மூடவில்லை. வெள்ளி ஒன்று, முதுகு இரண்டு. அதில் பாதி அங்கே போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். உங்களுக்கு ஒரு கால் மட்டும் எழும்பினால்? கோயிலையும் ஐயரையும் பேப்பரில் பகிடி பண்ணியே பேர் எடுத்தவன் நான். எனக்குப் பெண் தர வெள்ளவத்தையில் ஒருவரும் முன்வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அக்கா இன்றைக்கும் சொல்வா. அந்த வீட்டில் அந்த மட்டத்தேளை என்னளவுக்கு நம்பினவர் வேறு ஒருவரும் இல்லை. காலை எழும்பியதும் உங்கள் கால்விரல்களைத்தான் பார்ப்பேன். பெருவிரல் அசைந்ததாக இரண்டு தரம் எனக்குப் பட்டது. இரண்டு தரமும் மின்விசிறிக் காற்று.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அக்கா கத்தியோடு எழும்பிப் போய் அந்தப் பொலித்தீனைக் கிழித்தா. "வெயில் ஏற முன்னம் அத்தானைக் கொண்டுபோய்க் கடலைக் காட்டிக்கொண்டு வா" என்று எனக்குச் சொல்லிவிட்டு, திரும்பிப் போய் மிச்சக் கத்தரிக்காயை வெட்டினா. "அவர் நடக்கேக்க" என்பதை அதன் பிறகு நான் கேட்கவில்லை. அதை இன்னொரு தரம் கேட்க மாட்டேனா என்று அன்றைக்குப் பட்டது.

உங்களைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கையால் இறங்கினேன். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் தண்டவாளம். சல்லிக்கல்லில் சக்கரம் புதைந்தது. முன்னால் இழுத்தேன், பின்னால் தள்ளினேன், நாற்காலியோடு தூக்கவும் பார்த்தேன். என் நாரி பிடித்துக்கொண்டது. "இன்னும் கொஞ்சம் அத்தான், இன்னும் கொஞ்சம்" என்று வாய் தன்பாட்டில் சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"காணும் மச்சான். இஞ்ச இருந்தே தெரியுது."

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே பார்த்தோம். கோச்சி ஒன்று கடலை மறைத்துக்கொண்டு போனது. அது முழுவதும் போகும்வரை பார்த்திருந்தீர்கள்.

மழை தொடங்க உங்களுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. அதற்கு வெள்ளியில் என்ன செய்வது என்று யோசிக்கக்கூட எங்களுக்கு நேரம் தரவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து துடக்குக் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். ஐயர் பேர் கேட்டார். உங்கள் பேரைச் சொல்ல வாய் எடுத்துவிட்டு நிறுத்தினேன். போனவர்களின் பேரில் அருச்சனை இல்லையே. சமிந்த என்றேன். ஐயரின் கை ஒரு கணம் நின்றது. "நட்சத்திரம்?" உத்தரம் என்றேன்.

அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி சொல்கிறேன். அந்தச் சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இப்போது பழச்சாறு விற்கிறார்கள். சமிந்த எழும்பினானா, எனக்குத் தெரியாது. இருக்கிறானா என்பதே தெரியாது. இல்லை என்றால் இத்தனை வருடமும் செத்தவனுக்கு அருச்சனை செய்கிற பாவம் என் கணக்கில். ஏற்கெனவே நிறைய இருப்பதால் அது பெரிதாகத் தெரியாது. அக்காவுக்கு நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று கேட்டிருப்பா. ஆர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கிரகணத்துக்குப் பிறகு வந்த வெள்ளி எனக்குக் காய்ச்சல். மாமியோடு சேர்ந்து உங்கள் நாரியை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்ற பலன். அக்கா தனியப் போய்வந்தா. என் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே, "உன்ர ஆளுக்கும் சொல்லிப்போட்டன். உத்தரம்தானே?" என்றா.

ஓம் என்றேன்.

"உத்தரம் எண்டு கன காலத்துக்குப் பிறகு சொன்னனான்" என்றா அக்கா. "அடுத்த கிழமையும் நானே சொல்லுறன்."