குளிர் அறை உவமை

ஓசூர்
3.2.2025

அன்புள்ள அனிட்டாவுக்கு,

கர்த்தர் கிருபையில் உடம்புக்குக் குறைவில்லை. போனில் பேசினால் சண்டையாகிறது, எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன்.

நீ விட்டுப்போன உன் பழைய காலேஜ் பாட நோட்டைப் படித்தேன். நானூறு வருஷத்துப் பழைய இங்கிலீஷ் கவிதை. அந்தக் கவிஞர்கள் காதலியை ரோஜா, நிலா என்று சொல்ல மாட்டார்களாம். ஒட்டாத பொருளாகத் தேடிப் பிடித்து, இதுதான் நம் காதல் என்று வக்கீல் மாதிரி கடைசி வரைக்கும் வாதாடுவார்களாம். கன்சீட் என்று பெயர் எழுதியிருக்கிறாய். எனக்குப் பிடித்தது. என்னைப் போல ரோஜா விற்கிறவனுக்குத் தெரியும், அதன் ஆயுசு நாலு நாள்.

நானும் ஒன்று செய்தேன். நம் காதல் என் குளிர் அறை. மொட்டிலேயே வலை உறை மாட்டி, வெட்டி, இரண்டு டிகிரியில் அடுக்கிவிட்டால் பூ வாடாது. நீ போய் ஏழு மாதம். ஓர் இதழ் கருகவில்லை. சரியா, டீச்சர்?

உன் படிப்புச் சர்டிபிகேட்டெல்லாம் கேட்டாய். பீரோவில் பத்திரமாக இருக்கிறது. தபாலை நம்ப முடியாது, நேரில் வா. மீன் குழம்பு வைக்கச் செல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

எபினேசர்

கிருஷ்ணகிரி
8.2.2025

அன்புள்ளவருக்கு,

மூன்று முறை படித்தேன். என் மாணவிகள் யாரும் இப்படி எழுதியதில்லை. ஒன்பது வருஷம் கூட இருந்தும், உங்களுக்குள் இது இருப்பது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வாதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த அறையில் பூ வாடாது, சரி. விரியுமா? நம் தோட்டத்து வெங்கடப்பன் ஒரு கட்டு ரோஜாவை உள்ளேயே மறந்துவிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு மாதம் கழித்துத் தண்ணீரில் வைத்தோம். மொட்டாகவே தலை தொங்கியது.

"வேலைக்கு எதுக்குப் போவணும், நான் சம்பாதிக்கறது பத்தாதா" என்று சொல்லி நீங்கள் அந்தச் சர்டிபிகேட்டுகளைப் பூட்டியது நமக்குக் கல்யாணமான வாரம்.

ஜெராக்ஸ் காட்டித்தான் கல்லூரியில் சேர்ந்தேன். பதினெட்டாம் தேதிக்குள் அசல் காட்டாவிட்டால் வேலை இல்லை. வேலை போனாலும் அங்கே வர மாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

அனிட்டா

ஓசூர்
15.2.2025

அனிட்டா,

காதலர் தினச் சரக்கு முழுக்கப் பெங்களூர் போய்விட்டது. ஜனவரியில் வெட்டிய ஒரு கட்டு ரோஜாவை மட்டும் நிறுத்தி, தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் நடந்தது. சரக்கு பொய் சொல்லாது.

வெங்கடப்பனிடம் சர்டிபிகேட் எல்லாம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூட மடங்கவில்லை. நீ நேரில் வர வேண்டாம். பீரோவை இனிப் பூட்டுவதில்லை.

செல்லி அக்கா நேற்று மீன் குழம்பு வைத்துவிட்டது. இரண்டு வேளையும் அதையே சாப்பிட்டேன்.

நோட்டை மட்டும் அனுப்பவில்லை. பாடம் எடுக்கத் தேவைப்பட்டால் ஒரு வரி எழுது, அனுப்புகிறேன். அதுவரைக்கும் படித்துக்கொண்டிருப்பேன்.

எபினேசர்