நாற்றம் வந்தது கட்டிலுக்கு அடியிலிருந்து

அன்புள்ள ராண்டலுக்கு அம்மா எழுதுவது. அலாஸ்காக் குளிரில் நீயும் என் பேத்தி ஹேட்டிக்குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே யூமாப் பாலைவனத்தில் நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். மற்ற வருடங்களில் ஒப்புக்கு எழுதுகிற வரி இது, இந்த முறை நிஜமாகவே சொல்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் எடுத்தால் இரண்டாவது வார்த்தையே அப்பாவிடம் கொடு என்பாய், காகிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது, அதனால் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்திலிருந்து, நாங்கள் குடியிருக்கிற இந்த வீட்டு வண்டிக்குள் அழுகிய முட்டை நாற்றம். உன் அப்பா முதுகுவலி என்று முன்பக்க சோபாவில் படுக்கிறார், பின்னால் இருக்கிற கட்டில் எனக்கு. காலையில் எழுந்தால் தலை பிளக்கும், தொண்டை எரியும். சொன்னேன். பழைய வண்டின்னா வாசனை இருக்கத்தான் செய்யும், நீ மட்டும் என்ன புதுசா என்றார். நாற்பத்தோரு வருடம் குடித்தனம் பண்ணியதற்குக் கிடைத்த மரியாதை. அப்புறம் கேஸ் கசிந்தால் கத்துமே, அந்தக் கருவி கத்த ஆரம்பித்தது. சிலிண்டரை மூடிப் பார்த்தார், அப்போதும் கத்தியது. கேஸே இல்லாதப்ப கத்துதுன்னா இதுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு என்று வயரைப் பிடுங்கி அலமாரிக்குள் போட்டுவிட்டார். விளக்கெல்லாம் வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்து வாரத்துக்கு இரண்டு பல்பு கருகியது. அதற்குப் பல்பு விற்றவனைத் திட்டினார். ஆக வண்டியில் எல்லோர் மேலும் தப்பு, அவர் மேலும், வண்டி பேட்டரிக்குக் கரண்டு ஏற்றுகிற அவருடைய சார்ஜர் பெட்டி மேலும் மட்டும் இல்லை. போன வருடமே அந்தப் பெட்டியை மாற்றலாம் என்று நான் சொல்லியிருந்தேன். வண்டியோட பொறந்தது அது, முப்பது வருஷமா உழைக்குது, அது மேல கை வைக்காதே என்று அதற்காக உருகினார்.

எங்களைப் போல வண்டியில் குடியிருக்கிறவர்கள் குளிர்காலத்துக்கு வந்து தங்குகிற இந்த முகாமைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. சாயங்காலம் நாலு மணிக்கு எல்லோரும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் வண்டியில் ஒரு மூடி திறந்தால் போதும், ஒன்பது ஆம்பிளைகள் சுற்றி நின்று இடுப்பில் கை வைத்து எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து வண்டி டெல்மர்தான் தலைமை வைத்தியர். முட்டை நாத்தமா, சந்தேகமே வேணாம், கக்கூஸ் தொட்டிதான், ரெண்டு மூட்டை ஐஸைக் கொட்டி வண்டியை ஓட்டு வெர்லின், ஐஸ் குலுங்கிக் குலுங்கித் தொட்டியைத் தேய்ச்சுக் கொடுத்துரும் என்று தீர்ப்புச் சொன்னார். வலி தலையில், மருந்து காலில். உன் அப்பா ஐஸைக் கொட்டி முகாமை ஆறு சுற்றுச் சுற்றினார், டெல்மர் முன்னால் நடந்து கையைக் காட்டினார், மற்றவர்கள் நின்று பார்த்தார்கள். எண்ணெய்ச் செலவே தவிரப் பிள்ளை பிழைத்தபாடில்லை. திரும்பி வந்து நிறுத்தி, ஒயரைக் கரண்டுக் கம்பத்தில் மறுபடி சொருகிவிட்டுப் பெருமையாகப் படுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ கூப்பிட்டாய். எனக்குத் தலை வலிக்குது, படுக்கைப் பக்கம்தான் நாத்தம் அதிகம் என்று உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். அப்பாவோட சாக்ஸா இருக்கும்மா, போனை அவர்கிட்ட குடு என்றாய். அப்பனும் மகனும் கால் மணி நேரம் பேசினீர்கள், ரெண்டு மூட்டை பத்தாதுப்பா நாலு போடுங்க என்று நீ சொன்னது இங்கே நன்றாகக் கேட்டது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, மறைப்பானேன்.

செவ்வாய்க்கிழமை, பிப்ரவரியில் ஹேட்டி வந்தால் என்னோடு படுப்பாளே என்று அவளுக்கான போர்வையை எடுத்து வைக்கக் கட்டில் பலகையைத் தூக்கினேன். கண் எரிந்தது. உள்ளே பேட்டரி இரண்டும் பீன்ஸ் கொதிக்கிற சத்தத்தோடு கொதிக்கின்றன, ஒன்று பக்கவாட்டில் புடைத்திருக்கிறது, கிட்டே கை கொண்டுபோக முடியவில்லை. ஓடிப்போய்க் கம்பத்தில் சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்கினேன், வந்து கதவு சன்னல் எல்லாம் திறந்தேன். டிவியில் ஆட்டம் நின்றுபோனதால், எவன்டா அவன் கரண்டைப் பிடுங்கினது என்று உன் அப்பா கத்திக்கொண்டு வந்தார். மூடி திறந்த வாசனை பிடித்து டெல்மரும் வந்துவிட்டார், வாயில் எரிகிற சுருட்டோடு. ஏறி உள்ளே வரக் காலை வைத்தவர் முகத்தில் கையில் கிடைத்த ஐஸ் டீயை வீசினேன், சுருட்டு அணைந்தது. பாவம், தாடியில் எலுமிச்சைத் துண்டு ஒட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் பழுது பார்க்கிறவன் வந்தான். பேட்டரி நிறைந்தபிறகும் நிறுத்தத் தெரியாமல் அந்தப் பழைய பெட்டி கரண்டை ஏற்றிக்கொண்டே இருந்ததாம். பேட்டரிக்குள் தண்ணீர் வற்றி, அதில் இருக்கிற ஆறு அறையில் ஒன்று செத்து, மற்றதெல்லாம் கொதித்திருக்கிறது. மீட்டர் பதிமூன்றரை வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பதினைந்தரைக்கு மேல் காட்டியதாம். அதிலிருந்து வருகிற வாயு வெடிக்க ஒரு பொறி போதுமாம். கேஸ் கருவி அந்த வாயுவை மோந்து ஒழுங்காகத்தான் கத்தியதாம். பேட்டரி இரண்டையும் பெட்டியையும் மாற்றிவிட்டு, நல்ல நேரத்துல கண்டுபிடிச்சீங்க சார் என்று உன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். இவரும் வெட்கமே இல்லாமல், ஆமா, எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம் என்றார். இப்போது நாலு மணி வட்டத்தில் தினமும் இந்தக் கதைதான், அதில் நான் டீ கொண்டுவருகிற இடத்தில் மட்டும் வருகிறேன்.

வெர்லின் பேர் வாங்கிக்கொள்ளட்டும், எனக்குப் பொறாமை இல்லை. ஹேட்டி அந்தக் கட்டிலில் படுத்திருந்து, நாறுதுன்னு சொல்லி, நாமெல்லாம் சிரித்திருந்தால் என்று நினைத்துத்தான் ராத்திரியில் எழுந்து பலகையைத் தூக்கிப் பார்க்கிறேன். பிப்ரவரியில் தாராளமாக வாருங்கள். கருவியை நானே மாட்டினேன், நாலு நாளாக அதே கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டேன், தலைவலி இல்லை, நாற்றம் இல்லை. குழந்தைக்கு இருமல் மருந்து எடுத்து வை, கம்பளிச் சட்டை இங்கே வேண்டாம். ஆண்டவன் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நாளைக்கு ஹேட்டி உன்னிடம் வந்து அப்பா எனக்குத் தலை வலிக்குது, இங்க ஏதோ நாறுது என்று சொன்னால், வேறு யாரையும் கேட்காதே, எழுந்து போய்ப் பார்.

இப்படிக்கு,
மூன்று வாரம் அந்தப் பேட்டரி மேல் படுத்துப் பிழைத்த உன் அம்மா,
ஆர்டித்