சரி என்று அழுத்திவிட்டேன்

ஏப்ரல் 7
ஜாக்கெட் எம்ப்ராய்டரிக்கு இன்னும் பதினோரு பேர் வரிசையில். தண்டையார்பேட்டையில் எல்லாருக்கும் ஒரே மாசத்தில்தான் கல்யாணமா?

ஆஃபியாவோடு மறுபடி சண்டை. ப்ராஜெக்ட் நல்லபடி முடிந்தால் கோயம்புத்தூரில் வேலையாம். பெற்றது ஒரே பெண், அதையும் அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு நான் யார் முகத்தைப் பார்ப்பது? "அந்த ப்ராஜெக்ட் நாசமாப் போவட்டும்" என்று கத்திவிட்டேன்.

ஏப்ரல் 9
யா அல்லாஹ், என்ன காரியம் செய்துவிட்டேன்.

மெஷினில் இருந்த மயில் டிசைனை ராயபுரம் டெய்லருக்கு அனுப்பணும். என் பென் டிரைவைக் காணோம். மேஜையில் ஆஃபியாவுடையது கிடந்தது, ஒரு மயிலுக்கு இடம் இருக்காதா என்று எம்ப்ராய்டரி மெஷினில் செருகினேன். ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. மெஷின் கேட்டால் 'சரி'யை அழுத்தித்தான் எனக்குப் பழக்கம். அழுத்தினேன். மயிலையும் ஏற்றினேன். பிறகு பார்த்தால் — மயிலைத் தவிர ஒன்றுமே இல்லை.

அவளுடைய ஆறு மாச உழைப்பு. காலேஜ் கம்ப்யூட்டரில் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள், எல்லாம் இதில்தான். பதினைந்தாம் தேதி காட்டவேண்டும். வேண்டுமென்றே செய்தேன் என்றுதானே நினைப்பாள்? நாசமாப் போவட்டும்னு சொன்ன வாய் இதுதானே.

ஏப்ரல் 10
ஆஃபியா வீடு முழுக்கத் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன். பென் டிரைவ் என் நூல் டப்பாவில். தூ, நானெல்லாம் ஒரு தாய்.

ஏப்ரல் 11
தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற உசேனிடம் போனேன். ஜும்மா முடிந்து அவன் கடை திறக்கும்வரை வாசலிலேயே நின்றேன்.

"காலேஜ் கம்ப்யூட்டர்ல லினக்ஸுன்னு வேற சிஸ்டம், அக்கா. அதுல எழுதினது உன் மெஷினுக்குப் புரியாது. புரியலன்னா காலியா கீதுன்னு நெனைச்சிக்கும். வேற இன்னானா ஏத்தினியா?"

"ஒரே ஒரு மயிலு."

"சின்னதுதான். இனிமே அதைத் தொடாத. வச்சிட்டுப் போ, பாக்கலாம்."



ஏப்ரல் 12
கிடைத்துவிட்டது! பெயரெல்லாம் போய் வெறும் நம்பராக முந்நூற்றுச் சொச்சம் ஃபைல். ஒரே ஒரு படம்தான் பாழ். உசேன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன், பாவம், பயந்துபோய் டீ வாங்கிவந்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஆஃபியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம், "ரெண்டு நாளா உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது. உனக்குத்தான் இன்னாவோ ஏதோன்னு நான் பயந்துகினு இருந்தேம்மா" என்றாள்.

"வேணும்னு பண்ணலடி."

"தெரியும். வேணும்னா நீ நேரா காசிமேட்டு கடல்ல இல்ல போட்டிருப்ப!"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவள் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பெயர் சொன்னாள். என் எழுத்துதான் நல்லா இருக்குமாம், நோட்டில் நான் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். எதைப் பற்றி என்று இன்றைக்குத்தான் கேட்டேன். மணலிக் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஆறு மாசமாக அளந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

ஏப்ரல் 15
தேறிவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

மே 28
கோயம்புத்தூருக்கு ரயில் டிக்கெட் நானே போட்டேன். போவதற்கு இரண்டு, திரும்பி வர ஒன்று.