நாலு மணிக்கு நீண்ட நிழல்

என் பாசத்துக்குரிய சேகர் மச்சானுக்கு,

ஜங்லிகாட் கடைத்தெருவில் நம் அனிமேஷன் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. மரியாதை என்கிறாள் உன் தங்கை கலா. அதன் ஒரு கால் ஆடுவதும் காரணம்.

நீ கடைசியாகச் செய்த படத்தை, வேலை கொடுத்த கோயம்புத்தூர்க்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். பள்ளிக்கூட மணி நாலு அடிக்கிறது, பையன் வெளியே வருகிறான், அவன் நிழல் தெருக்கோடி வரை போகிறதாம். "நாலு மணிக்கு எங்க ஊர்ல வெயில் மண்டையைப் பொளக்குதுங்க. உங்க ஆளு சூரியனை எங்க கொண்டுபோய் வெச்சிருக்காரு?" என்று கேட்டார்.

வேறு எங்கே வைப்பாய்? கிழக்கே தள்ளிக் கிடக்கும் நம் தீவில், மின்னி பே கடற்கரையில், நாலு மணிக்கு அது இருக்கும் இடத்தில்தான். ஐந்து மணிக்கெல்லாம் விளக்குப் போடும் ஊரில் பிறந்தவன் நீ. அதே கடிகாரத்தை வைத்துக்கொண்டு மெயின்லேண்டில் சூரியன் இவ்வளவு சாவகாசமாக இறங்கும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? நீ அங்கே போனது ஒரே தடவை, ஆஸ்பத்திரிக்கு; உயிரோடு திரும்பவில்லை. அந்த வார்டில் ஜன்னல் இருந்ததா மச்சான்?

வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். கையில் இருப்பது இது ஒன்றுதான். போனால் கடையை மூட வேண்டியதுதான்.

கம்ப்யூட்டரில் உன் ஃபைலை நகலெடுத்து, அதில் சூரியனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பார்த்தேன். நிழல் சுருங்கியது, ஆனால் பையனின் காலை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது. பையன் அந்தரத்தில் மிதக்கிறான். நிழலைக் காலிலிருந்து தள்ளிவைக்கும் எண்ணைக் குறைத்தேன். முகமெல்லாம் கறுப்பு வரி விழுந்தது. கூட்டினால் பேய், குறைத்தால் வரிக்குதிரை. இரண்டுக்கும் நடுவில் நீ எப்படிப் பையனைப் பிடித்து வைத்தாய்?

பக்கத்துக் கடை பெங்காலிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, மேகத்தைப் போட்டு மூடிவிடு, நிழலே வேண்டாம் என்று இந்தியில் யோசனை சொன்னார். அந்த அளவுக்கு நான் வந்துவிட்டேன். மேகம் தேடத் தொடங்கினேன்.

கலாதான் தடுத்தாள். உன் படத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டு, "அண்ணன் போட்ட வெயில்ல கை வைக்காதீங்க. மணியை மாத்துங்க. அஞ்சுன்னு போடுங்க" என்றாள்.

நாலிலிருந்து ஐந்து வரை பையனுக்கு அங்கே என்ன வேலை என்றேன்.

"ஸ்பெஷல் கிளாஸ். மெயின்லேண்டுல அதை எவன் கேள்வி கேக்கப் போறான்?"

போனில் சொன்னேன். "என் பையனும் ஸ்கூல்ல இருந்து அப்பத்தான் வர்றான்" என்றார் கோயம்புத்தூர்க்காரர். தன் முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை. நாளை வெள்ளி.

முதலாளி என்ன சொல்வார் என்று தெரியாது. முடியாது என்றால், படத்தை அப்படியே கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டுவேன். நீ வைத்த சூரியனை மட்டும் என் கையால் நகர்த்த மாட்டேன் மச்சான். கலா மேல் சத்தியம்.

உன் தங்கையைக் கட்டிய,
ரவி மாப்பிள்ளை